சம்பந்தி வீட்டுக் கடிதம்

அக்கா,

உங்கள் மேசையின் அடி இழுப்பறையை இன்று மதியம் காலி செய்தேன். காகிதங்களுக்கு அடியில், பழைய சேலைக் கிழிசலில் முடிந்த மிளகு கிடந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க நீங்கள் போட்டு வைத்தது. முடிச்சு இளகிப் போயிருந்தது. தூக்கியதும் நாலு மிளகு தரையில் உருண்டது. காரம் நேராக மூக்கில் ஏறி மூன்று முறை தும்மிவிட்டேன். நான் தும்மினால் எதிர் மேசையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே "நூறு" என்பீர்கள். அடுத்த தும்மலுக்கு "எரநூறு." மூன்றாவதுக்கு, "போதும் கண்ணு, அத்தன வருசம் இருந்து எத்தன அக்ரிமெண்டப் படிக்கப் போற?" இன்று யாரும் சொல்லவில்லை. ஆயுசை ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு, தனக்கென்று ஐம்பதைக்கூட எடுத்து வைக்காமல் போன மனுஷியை என்ன செய்வது? எனக்குக் கோபம்தான் வருகிறது அக்கா. நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகியும் கோபம்தான்.

மிளகுக்கு அடியில் அந்த நீல அட்டை நோட்டு இருந்தது. அட்டையில் உங்கள் கோணல் எழுத்தில் "சம்மந்தி ஊடு" என்று எழுதியிருந்தீர்கள். வெளியாள் பார்த்தால் ஏதோ கல்யாணச் சீர்வரிசைப் பட்டியல் என்று நினைப்பார். நம் காப்பி எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் ஓடும் மென்பொருளுக்கு மொத்தமாக லைசென்ஸ் வாங்கினோமே, அந்த ஒப்பந்தத்தில் அந்தக் கம்பெனிக்காரர்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தமிழில் எழுதி வைத்த நோட்டு அது. அது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

பெயர் வைத்த நாள் நினைவிருக்கிறது. ஒப்பந்தம் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை, "உங்கள் ஒப்பந்த விதிகளில் முக்கிய மாற்றங்கள்" என்று முதல் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. நான் கொதித்துப் போனேன். கையெழுத்துப் போட்ட பிறகு எப்படி மாற்றலாம் என்று கத்தினேன். நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "பொண்ணக் குடுத்தாச்சு கண்ணு. நம்ம கடுதாசி, நம்ம காப்பி எட, நம்ம கெஸ்ட் ஹவுஸ் புக்கிங்கு, அத்தனையும் அவங்க ஊட்டுக்குள்ள கெடக்குது. இனி அவங்க என்ன மொற சொன்னாலும் தலையாட்டித்தான் ஆகோணும்." அன்றிலிருந்து அந்த மாதிரிக் கடிதம் எது வந்தாலும், ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏனுங்க, சம்மந்தி ஊட்டுல இருந்து கடுதாசி வந்திருக்குதுங்க!" என்று அறிவிப்பீர்கள். உங்களுக்குப் பெண் யாரும் கிடையாது என்பது தெரிந்தவர்கள் முழிப்பார்கள்.

நீங்கள் இதில் மாட்டிய கதையை நினைத்தால் முதலில் சிரிப்பு வரும், சிரித்து முடித்ததும் வயிறு எரியும். கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை என்னுடையது. நீங்கள் உரம், சாக்கு, பிரிண்டர் மை வாங்குகிற கிளார்க். ஒப்பந்த விண்ணப்பத்தில் "நிர்வாகி" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு ஆள் பெயரும், ரகசிய எண் வந்து சேர ஒரு கைபேசி எண்ணும் கேட்டார்கள். ஒண்டிக்கடை முக்கு ரோட்டில் நின்றால் எல்லார் போனும் பேசும், நம் ஆபீஸுக்குள் வந்தால் ஊமை. ஜன்னலோரம் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கையை வெளியே நீட்டி, சில்வர் ஓக் மரத்துப் பக்கமாகப் பிடித்தால் உங்கள் பழைய போனுக்குக்கூட ரெண்டு கோடு வரும். மேனேஜர் சார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்ப உங்க பேரு, உங்க நம்பரே போட்டுருங்கம்மா. ஒரு பேருதானே!" என்றார். சிக்னல் கிடைத்த பாவத்துக்கு நீங்கள் நிர்வாகி ஆனீர்கள்.

ஆனால் ஆன பிறகு நீங்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது பக்க ஆங்கிலத்தை நான் வரிவரியாகச் சொல்லச் சொல்ல, மடக்கி மடக்கிக் கேட்பீர்கள். நான் அவர்கள் எழுதியதைப் படிப்பேன், நீங்கள் அவர்கள் எழுதாமல் விட்டதைப் படிப்பீர்கள். மென்பொருளின் பெயரை மாற்றினார்கள், எழுதினீர்கள். திட்டத்தின் பெயரை மாற்றினார்கள், எழுதினீர்கள். "மருமவனுக்கு மறுபடியும் பேரு மாத்திட்டாங்க" என்று ஒரு குறிப்பு இருக்கிறது. இப்போது படித்தாலும் சிரிப்பு வருகிறது.

பெரிய மாற்றம் எண்ணுகிற விதத்தில் வந்தது. அதுவரை மெஷினுக்கு ஒரு லைசென்ஸ். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒன்று. நான் கரும்பலகையில் படம் போட்டெல்லாம் மேனேஜருக்கு விளக்கினேன், அவருக்குப் புரியவில்லை. நீங்கள் ஒரே வரியில் முடித்தீர்கள்: "முன்னாடி கட்டில எண்ணுனாங்க சார், இப்ப படுக்கறவன எண்ணுறாங்க." கரடியூர் எடை போடும் கொட்டகையில் ஒரே கம்ப்யூட்டரை, கணக்கு எழுதும் நாலு ரைட்டர்கள் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு கட்டில், நாலு பேர். அவர்களை எண்ணி எழுத நாம் ஜீப்பில் போனோம். நாம் நோட்டை விரித்ததுமே மூத்த ரைட்டருக்கு முகம் செத்துவிட்டது.

"ஏனுங்க, எங்கள எதுக்குங்க எண்ணுறீங்க? ஆளக் குறைக்கறீங்களாட்ட இருக்குதுங்களே?"

"உங்களக் குறைக்கலீங்க. சம்மந்தி ஊட்டுக்காரங்க பந்திக்கு எத்தன பேருன்னு கேக்கறாங்க, அவ்வளவுதானுங்க" என்றீர்கள். அவர் கையைப் பிடித்தபடி அதை ரெண்டு தடவை சொன்னீர்கள். நாலாவது ஆளின் பெயரைச் சொல்லும்போதுதான் அவர் முகம் தெளிந்தது. திரும்பி வரும் வழியில், "எண்ணறதுன்னாலே மனுசனுக்குப் பயந்தானே கண்ணு" என்றீர்கள்.

இனி எழுதப் போவதைத்தான் இத்தனை நாளும் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி ரினியூவல் சமயம். நாம் வைத்திருந்த வகை ஒப்பந்தமே இனிக் கிடையாது, மாதக் கடைசிக்குள் வேறு வகைக்கு மாற வேண்டும் என்று கடிதம் வந்தது. நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். வாழவந்தியிலிருந்து காலை பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததால் பிடித்துக்கொண்டது என்றீர்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னீர்கள். உங்கள் வீட்டுக்கார அண்ணன் சேலத்தில் டாக்டரிடம் நாள் வாங்கி வைத்திருந்தார். நீங்கள் போகவில்லை. ரகசிய எண் எந்த நேரத்தில் வரும் என்று தெரியாது, நீங்கள் ஜன்னலோரம் இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். "இந்த ரினியூவல் முடியட்டும் கண்ணு, அப்பறம் போயிக்கறேன்" என்றீர்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உங்களுக்குத் தெரியும். "ஆமாங்கக்கா, இது முடிஞ்சதும் மொத வேலையா போயிருங்க" என்றேன். இப்பவே கிளம்புங்கள் என்று சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்லிக் கையோடு அனுப்பி வைக்கவில்லை. உங்கள் போனை வாங்கி நானே ஜன்னலில் நின்றிருக்கலாம், அதுகூடத் தோன்றவில்லை. எனக்கு அந்த ஒப்பந்தம் முடிய வேண்டியிருந்தது, அக்கா. அதுதான் உண்மை. இதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

ரினியூவல் முடிந்தது. நீங்கள் கீழே போனீர்கள். நம் ஊரில் சேலத்துக்குப் போவதைக் கீழே இறங்குவது என்றுதானே சொல்வோம், நீங்கள் இறங்கினவர் ஏறவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது நர்ஸ் கதவருகே நின்று, "பதினொண்ணுக்கு ஆள் வந்திருக்கு" என்றாள். நீங்கள் வறண்ட உதட்டோடு சிரித்தீர்கள். "பாத்தியா கண்ணு, இங்க இன்னும் கட்டிலத்தான் எண்ணுறாங்க. பழைய அக்ரிமெண்டு." நான் வெளியே போய் வராந்தாவில் நின்று அழுதேன். உள்ளே வந்தபோது ஆரஞ்சு உரித்துக் கொடுக்கச் சொன்னீர்கள். நீங்கள் ஒரு சுளைகூடத் தின்னவில்லை, என்னைத் தின்ன வைத்தீர்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரருக்கு சேலத்தில் அச்சகத்தில் வேலை. மகள் அவரோடு இருந்து பிளஸ் ஒன் படிக்கிறாள். நான் மேலே குவார்ட்டர்ஸில் தனியாக இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்குகிறேன். மகள் போனில் கேட்பது ஒரே கேள்விதான்: "அம்மா, எப்ப எறங்குவ?" வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். நோட்டீஸ் கெடுவான ஒரு மாதமும் தாண்டிவிட்டது. மேனேஜர் சார் தங்கமாகப் பேசுகிறார். "நீங்க போறதுல எனக்கு என்னம்மா ஆட்சேபணை? அந்த லைசென்ஸ் பொறுப்ப ஒப்படைச்சுட்டு ரிலீவிங் லெட்டர வாங்கிட்டுப் போங்க."

ஒப்படைப்பது எப்படி? சம்பந்தி வீட்டில் மறுபடியும் விதி மாறியிருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் நிர்வாகி புது ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும். ஏற்றால் மூன்று வருஷம். ஏற்காவிட்டால் கரடியூரில் எடை போடுகிற புரோகிராம்கூடத் திறக்காது. ஏற்க வேண்டிய நிர்வாகி நீங்கள். நிர்வாகியை மாற்றலாம், ஆனால் பழைய நிர்வாகியின் போனுக்கு வரும் எண்ணைப் போட்டால்தான் மாற்றலாம். சென்னையில் நமக்கு லைசென்ஸ் விற்கிற ஏஜென்சிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், உங்க நிர்வாகி அப்ரூவ் பண்ணனும்."

"அவங்க இறந்துட்டாங்கம்மா."

"ஓ, சாரி மேடம்." கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "அவங்க ஒரு தடவை அப்ரூவ் பண்ணிட்டாப் போதும் மேடம்."

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவள் முன்னால் இருக்கும் திரையில் அந்த ஒரு வழிதான் இருந்திருக்கும். இறப்புச் சான்றிதழ் அனுப்பி மாற்றவும் வழி இருக்கிறதாம், ஆனால் மாதக் கடைசிக்குள் முடியாதாம். இரவும் பகலும் யோசித்தேன். கதவு இருக்கிறது, சாவி உங்களிடம் இருக்கிறது, நீங்கள் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டீர்கள். மேனேஜரிடம் சொன்னபோது அவர் குரலைத் தாழ்த்தி, "அவங்க போன் ஊட்டுலதான இருக்கும்? அவங்க பேருலயே ஏத்துக்கிட்டுப் போயிரலாம்மா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். செத்த பிறகும் உங்களை மூன்று வருஷம் அந்த ஜன்னலில் உட்கார வைக்கச் சொல்கிறார். முடியாது என்று சொல்லத் தைரியமில்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு இறங்காமல் வாழவந்தியில் உங்கள் வீட்டுக்குப் போனேன், உங்கள் பெயரில் ஏற்க அல்ல, நிர்வாகியை மாற்ற. அண்ணன் தான் ரைட்டராக இருக்கும் காப்பித் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். உங்கள் போன் அலமாரியில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சார்ஜ் முழுசாக இருந்தது.

"மாசா மாசம் ரீசார்ஜ் பண்ணிருவனுங்க அம்மிணி. அவ நம்பரு வேற யாருக்காச்சும் போயிட்டா எனக்கு மனசு கேக்காதுங்க" என்றார்.

வீட்டுக்குள் சிக்னல் இல்லை. பஸ் நிற்கிற வளைவு வரை நடந்தோம். பனி இன்னும் விலகவில்லை. அண்ணன் உங்கள் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார், நான் என் போனில் அந்தக் கம்பெனிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த ரெண்டு பெண்கள், "என்னங்க ரைட்டரே, யாரக் கூப்பிடறீங்க?" என்று கேட்டார்கள். அவர் போனை இன்னும் உயரத் தூக்கினார். உங்கள் போன் டிங் என்று அடித்தது. அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு பழக்கம் அக்கா! ஜன்னலிலிருந்து கையை உள்ளே இழுத்துக்கொண்டு, "எழுதிக்க கண்ணு" என்பீர்களே. அண்ணன் ஒவ்வொரு எண்ணாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி வாசித்தார்.

என் போனில் அந்தக் கதவு திறந்தது. உங்கள் பெயர் மேலே இருந்தது. "புதிய நிர்வாகி" என்ற கட்டம் கீழே காலியாக இருந்தது. பத்து நிமிஷம் கெடு. நான் என் பெயரை அடித்துவிட்டேன். யோசிக்கவே இல்லை, கை தானாக அடித்தது.

"யாரு பேருங்க அம்மிணி போடறீங்க?"

"எம்பேருதானுங்கண்ணா. நானே ஏத்துக்கிட்டா இது முடிஞ்சிரும். முடிஞ்சதும் போயிருவனுங்க."

அண்ணன் போனை இறக்கி வேட்டியில் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவளும் அப்படித்தானுங்க சொன்னா. முடியட்டும், முடியட்டும்னே இருந்தா. நானும் ஒருக்கா முடிஞ்சிரும்னுதான் நெனச்சேனுங்க." என் போனைக் காட்டி, "உங்க பேரு வேண்டாமுங்க. அப்பறம் நீங்களும் எறங்க மாட்டீங்க" என்றார்.

நான் சொன்னதும் நீங்கள் சொன்னதும் ஒரே வாக்கியம் என்பது அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. என் பெயரை எழுத்து எழுத்தாக அழித்தேன். மேனேஜர் சாரின் பெயரையும் எண்ணையும் போட்டேன். கம்பெனிக்கு ஒப்பந்தம், கம்பெனியை நடத்துகிறவர் பெயர். முதல் நாளே செய்திருக்க வேண்டியது, ஒரு பேருதானே.

திங்கட்கிழமை காலையில் அவருக்குக் கோபம் காதுவரை ஏறியது. "எம்பேரையா? எனக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும்?" என்றார். அக்காவுக்கும் தெரியாது சார், உரம் வாங்கிக்கொண்டிருந்தவர்தான் என்றேன். பதினோரு வருஷத்தில் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தன் போனுக்கு வரும் எண்ணைப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஏழு நாள் கெடு, அவர் ஒப்புக்கொள்ளும் வரை உங்கள் பெயர்தான் திரையில் இருக்கும். செவ்வாய்க்கிழமை நாளைக்குப் பார்க்கலாம் என்றார். புதன்கிழமையும் அதையேதான் சொன்னார். இன்று வியாழன். மதியம் அவர் நம் அறைக்கு வந்தார். ஜன்னலோரம் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். கையை வெளியே நீட்டவில்லை. சில்வர் ஓக்கைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கினேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் இறங்குகிறேன் என்று மகளிடம் சொல்லியாகிவிட்டது. ரிலீவிங் லெட்டர் கையில் இல்லை. பதினோரு வருஷம் இங்கே வேலை பார்த்தேன் என்று காட்ட ஒரு காகிதம் இல்லாமல் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. மேனேஜர் மேசையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்: "சார், நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை வெளியே நீட்டி, மரத்துப் பக்கம் பிடிக்கவும். எண் வர நேரமாகும். பொறுமையாக இருக்கவும்." உங்களை அந்த ஜன்னலிலிருந்து முழுசாக எழுப்பிவிட என்னால் முடியவில்லை, அக்கா. பாதிதான் முடிந்தது. மீதி அவர் கையில்.

மிளகை மறுபடி இறுக்கி முடிந்து பைக்குள் போட்டுக்கொண்டேன். நோட்டும் என்னோடு வருகிறது. கடைசியாக எழுதிய பக்கத்தை இன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். வலியோடு எழுதியிருப்பீர்கள் போல, எழுத்து கோட்டை விட்டு இறங்கி இறங்கிப் போகிறது. "பதினேழு. பழைய வகை இனிக் கெடையாது. புதுசுக்கு மாறோணும். இது முடிஞ்சதும் கீழ போயி டாக்டரப் பாக்கோணும்."

அதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பேனாவை எடுத்து, உங்கள் வரிக்கு நேர் கீழே எழுதினேன்.

"பதினெட்டு. மறுபடியும் மாத்திட்டாங்க. இன்னும் முடியலீங்க அக்கா. நான் கீழ போறேன்."